மலைவழிக்கு ஓர் எஃகு மிதிவண்டி: தனிப் பயணத்தில் 2,400 கிலோமீட்டருக்குப் பிறகு

நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்ட எஃகு மிதிவண்டி ஒன்றில், துணைக்கு எவரும் இல்லாமல், மலைநாட்டின் ஊடாக 38 நாட்களில் 2,400 கிலோமீட்டர் சென்று வந்தேன். அவற்றுள் நான்கு நாட்கள் ஓய்வு. மிதித்த நாட்கள் 34. மொத்த ஏற்றம் ஏறத்தாழ 31,000 மீட்டர். கடந்த கணவாய்களுள் மிக உயர்ந்தது 4,100 மீட்டர். அந்த வண்டியைப் பற்றிய மதிப்புரை இது. அதைச் செய்த நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லவிருக்கும் குறைகளுள் ஒன்று கவனக்குறைவால் நேர்ந்தது என்பதும், அது ஒரு சில வண்டிகளில் மட்டும் நேர்ந்திருக்கக் கூடும் என்பதும் ஒரு காரணம். இவ்வகை வண்டிகளைப் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே அளவுகளில் செய்கின்றன. ஆகவே வாங்க நினைப்பவருக்கு வண்டிச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பெயரைவிடப் பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையே அதிகம் பயன்படும் என்பது மற்றொரு காரணம்.

கடையில் வண்டியைத் தட்டிப் பார்ப்பவர்கள் அது எவ்வளவு உறுதியானது என்று கேட்பதே வழக்கம். நான்கு பேராகச் செல்பவர்களுக்கு அந்தக் கேள்வி போதும். ஒருவரின் வண்டி நின்றுவிட்டால் மற்றொருவர் உதவி தேடிச் செல்ல முடியும். தனியாகச் செல்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இது எப்படிப் பழுதாகும்? முன்கூட்டியே சத்தமிட்டு, மெல்ல மெல்லத் தேய்ந்து பழுதாகுமா, அல்லது நேற்று மாலைவரை நன்றாக இருந்துவிட்டு இன்று காலை ஒரு கொண்டை ஊசி வளைவில் திடீரெனக் கைவிடுமா? கைவிட்ட பிறகு, பையிலுள்ள ஏழெட்டுக் கருவிகளைக் கொண்டு, குளிரில் விறைத்த விரல்களால், வேறொருவர் பிடித்துக்கொள்ளாமல் அதைச் சரிசெய்ய இயலுமா? இந்த மதிப்புரையில் ஒவ்வோர் உறுப்பையும் இந்தக் கேள்விகளைக் கொண்டுதான் அளந்திருக்கிறேன். எடை குறைவான வண்டி வேண்டும் என்பவர்களுக்கும் வேகம் வேண்டும் என்பவர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது.

முதலில் எடைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்; பின்னால் வரும் எல்லாக் கணக்குகளும் அதையே சார்ந்தவை. என் எடை 68 கிலோ. முன்னும் பின்னும் கேரியர், மட்கார்டு, விளக்கு ஆகியவற்றோடு வண்டி 16 கிலோ. கூடாரம், உறக்கப்பை, துணி, கருவிகள், உணவு எல்லாம் சேர்ந்து 22 கிலோ. தண்ணீர் நான்கு லிட்டர். ஆக மலை ஏறியது 110 கிலோ.

வண்டியின் முன்பக்கம் 44, 32, 22 பற்கள் கொண்ட மூன்று பல்சக்கரங்கள் இருக்கின்றன. பின்பக்கம் 11 பற்களில் தொடங்கி 34 பற்களில் முடியும் ஒன்பது அடுக்கு. விளம்பரத்தில் "27 கியர்" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்த எண்ணுக்குப் பொருள் மிகக் குறைவு. பல கியர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். மலைக்குச் செல்பவர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு கியரைத்தான்: முன்னே 22, பின்னே 34. அதில் பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 0.65 சுற்று மட்டுமே சுற்றும்; 26 அங்குலச் சக்கரத்தில் 50 மில்லிமீட்டர் டயர் போட்டிருந்ததால் வண்டி 1.33 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று மிதித்தால் மணிக்கு 4.8 கிலோமீட்டர். நடந்து செல்பவரின் வேகம்தான் அது. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் சாலையில் 110 கிலோவை அந்த வேகத்தில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 130 வாட் போதும். சாதாரண உடல்நிலை கொண்ட ஒருவர், நின்று நின்றேனும், அதை ஒரு நாளில் பல மணி நேரம் தர முடியும்.

இதையே, முன்னே 30 பற்களுக்குக் குறைந்த சக்கரம் இல்லாத ஒரு வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னே அதே 34 பற்கள் இருந்தாலும், ஒரு சுற்றுக்கு 1.81 மீட்டர் நகரும். அதே 60 சுற்று மிதிக்க வேண்டுமானால் 175 வாட் தேவை. அவ்வளவு வலு இல்லையென்றால், சுற்று 44-ஆகக் குறையும், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் கூடுதலாக அழுந்தும். ஒரு நாளில் இது தெரியாது. பத்தாவது நாள் படி இறங்கும்போது தெரியும். உயரம் கூடக் கூட நிலைமை இன்னும் இறுகும்: 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும் என்பது உடலியலாளர்கள் பயன்படுத்தும் பொதுக்கணக்கு. அதன்படி 4,000 மீட்டரில் வலுவில் கால்பங்கு குறைந்துவிடும். அடிவாரத்தில் வசதியாகத் தோன்றிய கியர், கணவாய்க்கு அருகில் மிதிக்க முடியாததாகிவிடுவது அதனால்தான்.

பல கியர்களை நாடுவது பலவீனம் என்று கருதும் மனப்பான்மை மிகப் பழையது. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் டி விவி (1853–1930), மலைச்சாலைகளுக்குப் பல கியர்கள் வேண்டும் என்று பிரான்சில் பல ஆண்டுகள் வாதாடினார். ஆனாலும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றியை எல்லோரும் பயன்படுத்த அனுமதி கிடைத்தது 1937-இல்தான். அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. இன்றும் கடைகளில் 22 பல் சக்கரத்தைச் "சின்னப் பிள்ளை கியர்" என்று சிரிப்பவர்களைப் பார்க்கிறேன். நான் அதை மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் பயன்படுத்தினேன். அதைவிடச் சிறிய கியர் இருந்திருந்தால் அதையும் பயன்படுத்தியிருப்பேன். 44-11 என்ற உச்சக் கியரை மொத்தம் பத்து நிமிடம்கூடத் தொட்டிருக்க மாட்டேன். சுமையோடு இறங்கும்போது மணிக்கு 39 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து வேகம் சேர்க்க வேண்டிய தேவை எவருக்கும் வராது.

கியர் மாற்றும் நெம்புகோல்கள் கைப்பிடியின் இரு முனைகளிலும் பொருத்தப்பட்டவை. வலப்பக்க நெம்புகோலில் ஒரு சிறப்பு உண்டு: ஒரு சிறு வளையத்தைத் திருப்பினால், படிப்படியாகச் "சொடக்" என்று நகர்வதை விட்டுவிட்டு, பழைய காலத்து வண்டிகளைப் போல வழுக்கிக்கொண்டு எந்த நிலையிலும் நிற்கும். பயணத்தின் பதினேழாம் நாள் வண்டி நின்ற இடத்திலேயே வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்து, பின் கியர் மாற்றியைத் தாங்கும் கொக்கி சற்று வளைந்தது. படிகள் ஒன்றும் பொருந்தவில்லை. சங்கிலி இரண்டு பல்சக்கரங்களுக்கு இடையே தாவிக்கொண்டிருந்தது. வளையத்தைத் திருப்பிவிட்டு, காதால் கேட்டுக் கேட்டுக் கியர் மாற்றியபடி அடுத்த மூன்று நாட்கள் சென்றேன். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு எது என்று கேட்டால், அந்தச் சிறு வளையத்தைத்தான் சொல்வேன். கம்பிவடமும் அப்படியே: அறுவதற்கு முன் இழை இழையாகப் பிரியும், கியர் மாற்றுவது கடினமாகும், பார்த்து மாற்றிக்கொள்ள நாட்கணக்கில் அவகாசம் தரும்.

ஏறுவது உடலின் வேலை. இறங்குவது பிரேக்கின் வேலை. ஏறும்போது தவறு நேர்ந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். இறங்கும்போது தவறு நேர்ந்தால் நிற்காது. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. 110 கிலோ, ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 10.8 லட்சம் ஜூல்; மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பகுதியைக் காற்றின் எதிர்ப்பு வாங்கிக்கொள்ளும், மிச்சம் முழுவதும் உள்ளங்கையளவு உலோகத் தட்டுகள் இரண்டில் வெப்பமாக இறங்க வேண்டும். இந்த வண்டியில் முன்னே 180, பின்னே 160 மில்லிமீட்டர் தட்டுகள் கொண்ட டிஸ்க் பிரேக். இயக்குவது எண்ணெய் அன்று, கம்பிவடம்.

பலர் நினைப்பதற்கு மாறாக, பிரேக்கை மிக அதிகமாக வாட்டுவது அதிவேகமும் இல்லை, ஆமை வேகமும் இல்லை. எட்டு சதவீதச் சரிவில் என் சுமையோடு பிரேக் பிடிக்காமல் விட்டால், காற்றெதிர்ப்பே வண்டியை மணிக்கு 50 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய வேகத்தில் நிறுத்தி வைக்கும் என்று கணக்கிட்டேன். அந்த வேகத்தில் பிரேக்குக்கு வேலை இல்லை. மணிக்கு 10 கிலோமீட்டரில் ஊர்ந்தால் வேலை உண்டு, ஆனால் ஒவ்வொரு நொடியும் சேரும் வெப்பம் குறைவு. இடைப்பட்ட 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கும்போதுதான் வெப்பம் உச்சமடைகிறது: ஏறத்தாழ 400 வாட். அச்சமுள்ளவரும் இல்லாமல் துணிந்தவரும் இல்லாமல் நடுவில் நிற்கும் என் போன்றவர்கள் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் வேகம் அதுவே என்பது ஒரு வேடிக்கை. நேரான பகுதியில் வண்டியை ஓடவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விட்டுவிடும் முறையே நல்லது. விட்டுவிடும் நேரத்தில் தட்டுகள் ஆறுகின்றன. சாலை உடைந்து கிடக்கும் இடங்களில் இந்த முறை செல்லாது. அங்கே ஊர்ந்துதான் இறங்க வேண்டும். நடுநடுவே நின்று ஆறவிடவும் வேண்டும்.

கம்பிவட பிரேக்கா, எண்ணெய் பிரேக்கா என்பது முடிவில்லாத வாதம். எண்ணெய் பிரேக்குக்கு விரல் வலு குறைவாகவே தேவைப்படும்; நீண்ட இறக்கங்களின் முடிவில் என் கைவிரல்கள் மடக்கிய நிலையிலேயே நின்றுவிட்டபோது, அதன் அருமையை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டைகள் தேயத் தேய அது தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். கம்பிவட பிரேக்கில் நாம்தான் செய்ய வேண்டும். இருந்தும், எண்ணெய்க் குழாயில் கசிவு வந்தால் வழியில் செய்யக்கூடியது மிகக் குறைவு. கம்பிவடம் போனால், சுருட்டி வைத்திருக்கும் இன்னொரு கம்பிவடத்தை எடுத்துப் பத்து நிமிடத்தில் கோத்துவிடலாம். நான் முன்வைத்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஆனால் தயாரிப்பாளர் இங்கே ஒரு பிழை செய்திருக்கிறார். பின் பிரேக்கின் உட்புறக் கட்டையை நகர்த்தும் திருகு ஸ்போக்குகளின் பக்கம் இருக்கிறது. பின் கேரியரின் கால் அதற்கு நேர் குறுக்கே வருகிறது. பையைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, நீண்ட சாவியைச் சாய்வாக நுழைத்தால்தான் அந்தத் திருகு எட்டும். உலர்ந்த காலத்தில் நான்கு நாட்களுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை இது.

மழைக்காலத்தில் அந்தக் கணக்கும் மாறிவிடும். இருபத்தாறாம் நாள், 1,400 மீட்டர் உயர இறக்கம் முழுவதையும் மழையிலும் சேற்றுமணலிலும் இறங்கினேன். வண்டியோடு வந்த பிசின் வகைக் கட்டைகள் காலையில் பாதிக்கு மேல் இருந்தன. பிற்பகலில் உலோகம் உலோகத்தோடு உரசும் கீச்சொலி கேட்டது. பிரேக் அப்போதும் பிடித்தது, பிடித்துக்கொண்டே எச்சரித்தது. உலோகத்துகளைச் சூட்டில் அழுத்திச் செய்யும் வகைக் கட்டைகளுக்கு மாற்றிய பிறகு மிச்சப் பயணம் முழுவதும் ஒரே இணை போதுமானதாக இருந்தது. அவை சத்தம் அதிகம் போடும், ஈரத்தில் தொடக்கத்தில் சற்றுத் தயங்கும். ஆனால் மலைக்கு விற்கப்படும் வண்டியில் தொடக்கத்திலேயே அவற்றைப் போட்டுத் தந்திருக்க வேண்டும்.

இனி, மேலே சொன்ன கவனக்குறைவு. சக்கரம் ஒவ்வொன்றிலும் 36 ஸ்போக்குகள் இருக்கின்றன. சுமை ஏற்றும் வண்டிக்கு அது சரியான எண்ணிக்கை. 2,400 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும், அடிப்பக்கம் வரும் ஸ்போக் ஒரு கணம் தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. உலோகம் இப்படி அயர்ந்து போய், ஹப்பின் துளைக்குள் வளைந்து நுழையும் கழுத்துப் பகுதியில் முறிவதுதான் வழக்கம். பின்சக்கரத்தின் வலப்பக்கம் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அந்தப் பக்கத்து ஸ்போக்குகள் நேராகவும் அதிக இறுக்கத்தோடும் நிற்கின்றன, நீளமும் இடப்பக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவு. முறிவது பெரும்பாலும் வலப்பக்கமே. இது வண்டி செய்யும் எவருக்கும் தெரிந்த செய்தி.

இந்த வண்டியின் பின் சட்டக்குழாயின் மேல், இரண்டு உதிரி ஸ்போக்குகளைச் செருகி வைக்கச் சிறு கொக்கிகளை உருக்கி ஒட்டித் தந்திருக்கிறார்கள். வாங்கும்போது என்னை மயக்கியதே அந்த ஏற்பாடுதான். செய்தவர் தனியாகப் பயணம் செய்தவராக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இருபத்திரண்டாம் நாள், ஏற்றத்தின் நடுவில், "டிங்" என்று ஒரு சத்தம். பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் ஒரு ஸ்போக் கழுத்தில் முறிந்திருந்தது; சக்கரம் கோணலாகி மட்கார்டைத் தொட்டுத் தொட்டு ஓடியது. நான்கு பைகளையும் இறக்கினேன். வலப்பக்க ஸ்போக்கைக் கோக்க வேண்டுமானால் பல்சக்கர அடுக்கைக் கழற்றியாக வேண்டும். அதற்குப் பட்டறையில் நீண்ட கைப்பிடி கொண்ட இரண்டு கருவிகள் வேண்டும். அவற்றுக்குப் பதிலாக, சட்டத்தில் முட்டுக்கொடுத்துப் பெடலை மெல்ல அழுத்தினால் பூட்டு வளையம் கழன்றுவரும்படி அமைந்த, கட்டைவிரல் அளவிலான எஃகுத் துண்டு ஒன்றை நான் எடுத்துச் சென்றிருந்தேன். வண்டியோடு வந்த கருவிப்பையில் அது இல்லை. கழற்றியாயிற்று. கொக்கியிலிருந்து உதிரி ஸ்போக்கை எடுத்து, முறியாத ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: இரண்டும் இடப்பக்க நீளம்.

நீளம் குறைவாக இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இரண்டு மில்லிமீட்டர் கூடுதல் என்பதால் கோத்துவிட்டேன். ஆனால் நிப்பிள் என்று நாம் சொல்லும் அந்தத் தலைத்திருகு மரை முடியும் இடத்தில் முட்டிக்கொண்டு, மற்ற ஸ்போக்குகளின் இறுக்கத்துக்கு வர மறுத்தது. அக்கம்பக்கத்து ஸ்போக்குகளைச் சிறிது தளர்த்தி, பிரேக் தாங்கியில் ஒரு குச்சியைக் கட்டி அதை அளவாகக் கொண்டு, ஒன்றரை மணி நேரம் பெண்டு எடுத்தேன். முழுவதும் நேராகவில்லை. அந்தச் சிறு ஆட்டத்தோடுதான் மிச்சமிருந்த ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டரும் சென்றேன். ஸ்போக் முறிந்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. 36-இல் ஒன்று முறிந்தாலும் சக்கரம் சுற்றும். இது முன்னறிவித்துப் பழுதாகும் நல்ல வகையைச் சேர்ந்தது. உதிரி என்று நம்பிக் கொண்டுசென்ற பொருள் பொருந்தாததுதான் குறை. தனியாகச் செல்பவருக்கு, இல்லாத உதிரியைவிடப் பொருந்தாத உதிரி அதிகத் தீங்கு செய்யும். இருக்கிறது என்று எண்ணி வேறொன்றை எடுத்துச் செல்ல மாட்டார்.

சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. பின்சக்கர அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் இடையே 46 சென்டிமீட்டர் இருப்பதால் குதிகால் பையில் இடிப்பதில்லை. எஃகுச் சட்டம் முறிந்தால் எந்தப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தக் குழாய்களின் சுவர் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியது. கனமான இரும்பு ஒட்டிப் பழகியவரின் மின்பொறி அதில் ஓட்டை போட்டுவிடும். எஃகின் உண்மையான நன்மை வேறு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை லட்சம் முறை தாங்கினாலும் அது அயர்வதில்லை; அலுமினியத்துக்கு அத்தகைய பாதுகாப்பான எல்லை இல்லை. விரிசல் வந்தாலும் பெரும்பாலும் வண்ணப்பூச்சில் மயிரிழையாகத் தெரிந்து மெல்ல வளரும். ஒவ்வொரு மாலையும் ஈரத்துணியால் சட்டத்தைத் துடைக்கும் பழக்கம் அதனால்தான் எனக்கு வந்தது, தூய்மைக்காக அன்று.

கேரியர்களை வண்டியோடு பிணைப்பவை ஐந்து மில்லிமீட்டர் போல்ட்டுகள். பின் கேரியருக்கு ஆறு மில்லிமீட்டர் துளை வைத்திருக்கலாம். ஒன்றும் முறியவில்லை, ஆனால் இரண்டு முறை தளர்ந்தன. மரையில் பூசும் பசை ஒரு சொட்டு இட்டபின் நின்றது. முன் கேரியர் தாழ்வாக, சக்கர அச்சின் மட்டத்தில் அமைந்திருப்பது மிக நல்ல ஏற்பாடு. முதல் வாரம் சோம்பலால் முன்பைகளைப் பாதி காலியாக விட்டுப் பின்பக்கமே எல்லாவற்றையும் அடைத்திருந்தேன். ஓர் இறக்கத்தில், மணிக்கு 45 கிலோமீட்டரை எட்டியபோது, கைப்பிடி இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடத் தொடங்கியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். நடுக்குழாயை இரு முழங்கால்களாலும் நெருக்கிக்கொண்டு, மெதுவாக வேகத்தைக் குறைத்தபின் அடங்கியது. அன்று மாலையே நான்கு கிலோவை முன்னால் மாற்றினேன். மீண்டும் ஒரு முறைகூட ஆடவில்லை. குற்றம் வண்டியுடையது அன்று.

முன்சக்கர ஹப்பில் டைனமோ இருக்கிறது: 6 வோல்ட், 3 வாட். விளக்குக்கு அது மிகச் சிறப்பு. மெதுவாக ஏறும்போதுகூட ஒளி போதும், சுரங்கப்பாதைகளில் பின்விளக்கை மறந்துவிட்டோமோ என்ற கவலை இல்லை. கைபேசிக்கு மின்னேற்ற அதை நம்பி மலைக்குச் செல்பவர் ஏமாறுவார். பயன்படும் அளவுக்கு மின்சாரம் வர மணிக்கு 12 கிலோமீட்டராவது ஓட வேண்டும். ஏறும் நாட்களில் நான் ஆறு மணி நேரம் ஐந்தாறு கிலோமீட்டர் வேகத்திலேயே இருந்தேன்; ஏறி முடித்தபின் வரும் இறக்கம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சமவெளியில் செல்பவரின் அனுபவத்தை வைத்து எழுதப்படும் விளம்பரத்தில் இந்தக் கணக்கு வராது. முழுவதும் மின்னேற்றிய பவர் பேங்க் ஒன்றை எடுத்துச் சென்றதால் பிழைத்தேன்.

டயர்கள் மூன்று முறை பஞ்சரானதைத் தவிரச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் காற்றைப் பற்றி ஒரு குறிப்பு. அடிவாரத்தில் மூன்று பார் அழுத்தத்துக்குக் காற்றடித்த டயர், 4,000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் புடைத்துக்கொள்ளும் என்று அஞ்சிச் சிலர் காற்றை இறக்கிவிடுகிறார்கள். தேவையில்லை, அந்த உயரத்துக் குளிர் உள்ளிருக்கும் காற்றைச் சுருக்கி, கூடியதை ஏறக்குறைய முழுவதும் ஈடுகட்டிவிடுகிறது. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் அடிவாரத்தில் இருப்பதில் 62 சதவீதம்தான் என்பதால், கீழே 150 முறை அடித்தால் நிரம்பும் டியூபுக்கு மேலே 240 முறை அடிக்க வேண்டும், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டு. வண்டியோடு தரப்படும் விரல்நீள பம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு, தரையில் காலால் மிதித்து அடிக்கும் வகையை எடுத்துச் செல்லுங்கள்.

இருக்கை எனக்குப் பொருந்தியது. இன்னொருவருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மட்கார்டுகள் போதுமான அகலம் உடையவை. ஸ்டாண்டு மென்மையான மண்ணில் புதைகிறது. பதினேழாம் நாள் விழுந்ததற்கு அதுவே காரணம்.

குழுவோடு, உதவி வண்டி பின்தொடர, தார்ச்சாலையில் மட்டும் செல்பவர்கள் இந்த வண்டியை வாங்க வேண்டியதில்லை. பாதி எடையில் இன்பமான வண்டிகள் இருக்கின்றன. நாள்தோறும் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு மேல் செல்லும் எண்ணம் இல்லாத, எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டிய, பட்டறை எங்கே இருக்கும் என்று தெரியாத பாதையில் தனியாகச் செல்பவருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வாங்கிய அன்றே பிரேக் கட்டைகளை மாற்றச் சொல்லுங்கள். உதிரி ஸ்போக்குகளைக் கொக்கியிலிருந்து எடுத்து, சக்கரத்தில் இருப்பவற்றோடு கடைக்காரரின் முன்னிலையிலேயே அளந்து பாருங்கள்.

திரும்பியபின் சங்கிலியை அளந்தேன், 0.75 சதவீதம் நீண்டிருந்ததால் மாற்றினேன், பின் பல்சக்கர அடுக்கு இன்னும் ஒரு சங்கிலிக்குத் தாங்கும். கியர் மாற்றியின் கொக்கியை நிமிர்த்தியாயிற்று. ஸ்போக்கைப் பற்றித் தயாரிப்பாளருக்கு எழுதியதற்கு, மன்னிப்புக் கேட்டு, ஒரு சிறு உறையில் சரியான நீளத்தில் இரண்டு ஸ்போக்குகளை அனுப்பினார்கள். உறையைப் பிரித்ததும் முதலில் அவற்றை அளந்தேன். இப்போது சட்டத்தில் ஐந்து ஸ்போக்குகள் நாடாவால் கட்டப்பட்டிருக்கின்றன: பின்சக்கர வலப்பக்கத்துக்கு மூன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று, முன்சக்கரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் என்று மையால் எழுதி வைத்திருக்கிறேன்.